சொன்னவர் தலையில்

வெள்ளாறு சேவா கிளப்பின் தலைவர் பதவியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடைக்க மாட்டாரா என்று ராபர்ட் தேடாத இடமில்லை. சிதம்பரம் மேலவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். பவர் சரியாக இருக்கிறதா என்று கேட்கும் கையோடு, கிளப்பில் சேர்கிறீர்களா என்றும் கேட்டுவிடுவார். அதற்குப் பயந்து, எழுத்து மங்கலாகத் தெரிகிறவர்கள்கூட நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு இடத்தைக் காலி செய்வதாகக் கதிர்வேல் கேலி செய்வார். கேலி செய்கிற கதிர்வேல் மட்டும் என்ன வாழ்ந்தார்? அவர் கிளப்பின் செயலாளர், தொழில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் வந்தால் போதும், எதிரே வரும் தெரிந்த முகங்களெல்லாம் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளும்.

ராபர்ட் தலைவராகி இது மூன்றாவது வருஷம். ஆசைப்பட்டு இருக்கவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி வரும். கூட்டத்தில் பேச்சு மூச்சு இருக்காது. ஒருவர் தரையைப் பார்ப்பார், ஒருவர் மின்விசிறியைப் பார்ப்பார். கடைசியில், ராபர்ட்டே இன்னொரு வருஷம் இருக்கட்டும் என்று எல்லோரும் கைதட்டிவிட்டு வடையை எடுத்துக்கொள்வார்கள். இந்த வருஷம் அதற்கும் வழியில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் ஒருவரே தலைவராக இருக்க மேலிடத்து விதி இடம் கொடுக்கவில்லை. கடலூரிலிருந்து மாவட்டப் பொறுப்பாளர் சுப்புராயன் போனில் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார். ஜூன் முடிவதற்குள் புதுத் தலைவர் வேண்டும், இருபது உறுப்பினராவது வேண்டும். இல்லையென்றால் கிளப்பைக் கடலூர் கிளப்போடு சேர்த்துவிடுவார்கள்.

சேர்த்தால் சேர்க்கட்டுமே என்று வெளியாள் கேட்கலாம். வெண்மதியே கேட்டாள். வெண்மதி ராபர்ட்டின் மனைவி, புவனகிரியில் பள்ளிக்கூட ஆசிரியை. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுக்காரர் வீட்டில் தங்கியதே இல்லை என்பது அவளுடைய குறை. அதில் பொய்யும் இல்லை.

ஆனால் கிளப்புக்கென்று ஒரு குடோன் இருக்கிறது. கட்டில், வாட்டர் பெட், வீல் சேர், வாக்கர், இரண்டு ஃப்ரீசர் பாக்ஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. விழுந்து எழும்ப முடியாதவர் இருக்கிற வீட்டுக்கும், சாவு விழுந்த வீட்டுக்கும், காசு வாங்காமல் கொடுத்து அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். கிளப் போனால் குடோனும் கடலூருக்குப் போகும். புவனகிரிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறவருக்கு ஒரு கட்டில் வேண்டுமென்றால், கடலூர் வரை வண்டி பிடித்துப் போகிற செலவில் புதுக் கட்டிலே வாங்கிவிடலாம். தன் காலத்தில், தன் கையால், இது முடியப்போகிறதே என்று ராபர்ட்டுக்கு இருந்தது.

இந்த நிலையில்தான் ஃப்ரீசர் பாக்ஸ் மானத்தை வாங்கியது.

புவனகிரி பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். மகள் துபாயிலிருந்து வர வேண்டும். கிளப்புக்குப் போன் வந்ததும் பெட்டியை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். நடுப்பகலில் அந்த வீட்டு மகன் மறுபடி கூப்பிட்டார். பெட்டி ஓடுகிறது, சத்தமும் வருகிறது, குளிர் மட்டும் வரவில்லை என்றார். ராபர்ட் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். இன்னொரு பெட்டி வேறு வீட்டில் இருந்ததால், வாடகைக்கு விடுகிற ஓர் ஆளைப் பிடித்து, சொந்தக் காசைக் கொடுத்து வேறு பெட்டி வரவழைத்தார். அதற்குள் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஐஸ் கட்டிகளை வாங்கிவந்து அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த மகன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கும்பிட்டு வழியனுப்பினார். திட்டியிருந்தால் தேவலை என்று ராபர்ட்டுக்கு இருந்தது.

திரும்பும் வழியில் புவனகிரி கடைத்தெருவில் சடையப்பன் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். சடையப்பன் உரக்கடை வைத்திருப்பவர், கிளப்பின் மூத்த உறுப்பினர். எல்லாக் கூட்டத்துக்கும் வருவார், எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க மாட்டார். குடோன் சாவி ஒன்று அவரிடம்தான் இருந்தது. பெட்டி குளிரவில்லையே மாமா, கடைசியாக யார் பார்த்தது என்று ராபர்ட் கேட்டார். சடையப்பன் மூட்டையின் மேலிருந்த தூசியைத் தட்டினார். பிறகு, அது போன மாதத்திலிருந்தே குளிரவில்லை என்றார்.

ராபர்ட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தெரிஞ்சுமா மாமா சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னா நான்தானே மாப்ள அத தூக்கிக்கினு கடலூருக்கு ரிப்பேருக்குப் போவணும்? கடைய யாரு பாத்துக்கறது?" என்றார் சடையப்பன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எனக்கு மட்டுமா தெரியும்? கதிர்வேலுக்கும் தெரியும்."

கதிர்வேலைக் கேட்டால், சடையப்பன் சொல்லியிருப்பார் என்று நினைத்தாராம். ராபர்ட் இரண்டு பேரையும் மனசார வைதுகொண்டே வீடு வந்து சேர்ந்தார். கிளப்பில் ஆள் குறைவு என்பது அவருக்குத் தெரியும். இருக்கிற ஆட்களும் இப்படி என்றால் யாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெண்மதி வைத்த சாம்பார்கூட அன்றைக்கு அவருக்கு ருசிக்கவில்லை.

புது ஆள் கிடைக்காது என்று ஆனபிறகு, விட்டுப்போன பழைய ஆட்களையாவது திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. முதலில் நினைவுக்கு வந்தவர் ஸ்ரீமதி. பிசியோதெரபி படித்தவர். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை, அண்ணாமலை நகர் குடியிருப்பில் வீடு. பக்கவாதம் வந்தவர்களை வீடு தேடிப் போய் நடக்கப் பழக்குகிற சுறுசுறுப்பான பெண். கிளப்பில் சேர்ந்தபோது ராபர்ட் தலைகால் புரியாமல் மகிழ்ந்தார். மூன்றே கூட்டம். அதற்குப் பிறகு ஆளைக் காணோம். போன் செய்தால், வேலை சார், பார்க்கலாம் சார் என்ற பதில்தான்.

ஒரு சனிக்கிழமை காலையில் ராபர்ட் நேரிலேயே போய் நின்றார். ஸ்ரீமதி நாற்காலி போட்டு, காபி கொடுத்து, நன்றாகத்தான் பேசினார். திரும்பி வாருங்கள் என்ற பேச்சு வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். மொத மீட்டிங்ல சர்க்கரைக்காரங்களுக்குப் பாதம் பாக்கற கேம்ப் ஒண்ணு வெக்கலாம்னு சொன்னேன். எல்லாரும் கைதட்டுனீங்க. அப்புறம் பாத்தா ஹால் புடிக்கறது, நாற்காலி சொல்றது, டாக்டரக் கூட்டியாறது எல்லாம் நானு ஒருத்திதான். கேம்ப் அன்னிக்கு நம்ம ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க. அவுங்களும் போட்டோ எடுத்துக்கினு கெளம்பிட்டாங்க."

அது எங்கள் கிளப் வழக்கம் மேடம் என்றார் ராபர்ட். அதில் ஒரு பெருமைகூட அவர் குரலில் இருந்தது. கிளப்பை ஆரம்பித்த தலைவர் ஏற்படுத்தி வைத்த வழக்கம் அது. சும்மா வாயால் அளக்கிறவர்களை அடக்க அவர் செய்த ஏற்பாடு. யார் ஒரு காரியத்தைச் சொல்கிறாரோ, அவர்தான் அதை எடுத்துச் செய்ய வேண்டும். சொன்னவரே செய்தால்தான் மனசோடு செய்வார் என்பது அவருடைய கட்சி.

"இருக்கலாம் சார். அடுத்த மீட்டிங்ல வீல் சேரப் பத்தி ஒண்ணு சொன்னேன், அதுவும் எந்தலையில விழுந்துச்சு. மூணாவது மீட்டிங்ல மனசுல நாலு விஷயம் இருந்துச்சு. வாயத் தொறக்கல. சுத்திப் பாத்தேன். எல்லாரும் என்ன மாதிரியேதான் வாய மூடிக்கினு உக்காந்திருந்தாங்க. அதுக்கப்புறம் வரப் புடிக்கல."

ராபர்ட் சிரித்து மழுப்பிவிட்டுக் கிளம்பினார். உள்ளுக்குள் சுருக்கென்று குத்தியது. மூன்று கூட்டம் வந்துவிட்டு முப்பது வருஷத்து வழக்கத்தைக் குறை சொல்கிறதே இந்தப் பெண் என்று வண்டியை விரட்டினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு நின்றார். அப்போதுதான், சொன்னால் நான்தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று உரக்கடையில் சடையப்பன் சொன்னது காதில் கேட்டது.

கேட் திறந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து, இவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ராபர்ட் அங்கேயே நின்றார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு யோசித்தார். பெட்டி கெட்டுப்போனது தெரிந்தும் மூத்த மனிதர் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தது சோம்பேறித்தனத்தாலா? தன் கடையையே பொழுதுக்கும் கட்டிக்கொண்டு மாரடிக்கிற மனிதருக்குச் சோம்பல் ஏது? வாயைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். கதிர்வேலுக்கும் அதே பயம். கூட்டத்தில் மின்விசிறியைப் பார்க்கிற எல்லோருக்கும் அதே பயம். கூட்டம் என்று ஒன்று நடக்க வேண்டும் என்பதற்காக யாராவது பேசித்தானே ஆகவேண்டும்? அது தலைவர். பேசுகிறவர் தலைவர் என்பதால் எல்லா வேலையும் அவர் தலையில். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போனதற்கும், தலைவர் பதவி என்றால் ஊரே தெறித்து ஓடுவதற்கும் காரணம் அந்த வழக்கம் ஒன்றுதான். இவ்வளவு சின்ன விஷயம் மூன்று வருஷமாகத் தனக்குத் தெரியவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தோடு கூட ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது. ஊரில் நல்ல மனசுக்காரர்கள் தீர்ந்துபோகவில்லை என்பதுதான் அந்த நிம்மதி.

அடுத்து வந்த நாட்களில் விட்டுப்போனவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். குறிஞ்சிப்பாடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் இளவரசு, சிதம்பரத்திலேயே தையல் கடை நடத்தும் தில்லையம்மாள் என்று ஆள் மாறினாலும் கதை மாறவில்லை. இளவரசு ரத்த வகை முகாம் என்று வாயைக் கொடுத்து மாட்டியவர். தில்லையம்மாள், வாட்டர் பெட்டுக்கு உறை இருந்தால் நல்லது என்று சொன்ன பாவத்துக்கு, குடோனிலிருந்த அத்தனைக்கும் தானே உறை தைத்து முடித்துவிட்டு, அதோடு கும்பிடு போட்டவர். சேர்ந்துகொள்ளுங்கள் என்று ராபர்ட் யாரையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கூட்டத்துக்கு வாருங்கள், வந்து பேசிவிட்டு மட்டும் போங்கள் என்றார். வேலை எதுவும் தலையில் கட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். பேசுவதற்கு மட்டும் என்றதும் ஆட்கள் கொஞ்சம் இளகினார்கள். மனசில் அவ்வளவு பேச்சு சேர்ந்துகிடந்தது போலிருக்கிறது.

கதிர்வேலுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. முடிவு கேட்கச் சுப்புராயன் கடலூரிலிருந்து வருகிற நாளில் பழைய ஆட்களைக் கூட்டிவந்து குறை பேச விட்டால், மானம் கப்பலேறாதா என்று கேட்டார். மானம் புவனகிரி பந்தலிலேயே போய்விட்டது மச்சான், இனிமேல் போக ஒன்றும் இல்லை என்று ராபர்ட் பதில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழவீதி லாட்ஜின் சின்ன ஹாலில் கூட்டம். சுப்புராயன் கடலூரிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கிளப்பை மூடச் சொல்லவந்த சங்கடம் முகத்தில் தெரிய, முதல் வரிசையில் காபியை ஆற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வருகிற ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பிறகு இளவரசு வந்தார், தில்லையம்மாள் வந்தார், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் ஸ்ரீமதி வந்து கதவோரம் உட்கார்ந்தார். இன்றைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் எல்லாம் முடிந்தது. வெண்மதிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும், புவனகிரிக்குக் கட்டில் கிடைக்காது.

எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இன்னியிலேருந்து ஒரு மாத்தம். யாரு ஒரு வேலைய சொல்றாங்களோ, அவுங்க அத செய்யவே கூடாது. வேற யாராவது எடுத்துக்கணும். யாரும் எடுக்கலன்னா அத வுட்டுடுவோம். சொன்னவுங்க தலையில கட்ட மாட்டோம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது. யாரும் பேசவில்லை. கதிர்வேல், நான்தான் சொன்னேனே என்பது போல ராபர்ட்டைப் பார்த்தார். சுப்புராயன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பித்துவிடுவார் என்று ராபர்ட் கலங்கியபோது, எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நெசமாவே செய்ய வேணாமா?" என்றார் சடையப்பன்.

"வேணாம் மாமா. நீங்களே வந்தாலும் வுட மாட்டோம்."

சடையப்பன் எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து பார்த்தவர்கள் யாருமில்லை. குடோன் கூரையில் ஓடு உடைந்திருக்கிறது, மழை பெய்தால் வாட்டர் பெட்டெல்லாம் நனைகிறது என்றார். வீல் சேர் ஒன்றுக்கு ஒரு பக்கச் சக்கரம் ஆடுகிறது என்றார். இரவல் வாங்கிப்போனவர்கள் திருப்பித் தராமல் இரண்டு வாக்கர் வெளியே நிற்கிறது, எந்தெந்த வீடு என்பதும் தனக்குத் தெரியும் என்றார். மடை திறந்த மாதிரி பேசினார். இவ்வளவும் மனசில் வைத்துக்கொண்டா மனிதர் வடை தின்றுகொண்டிருந்தார் என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

ஓட்டு வேலைக்குத் தன் மச்சினன் ஆள் அனுப்புவான், தான் கூட நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று இளவரசு சொன்னார். பேச மட்டும் வந்தவர் அவர். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திடுக்கிட்டார். வாக்கர் இரண்டையும் வாங்கிவருவது தன் பாடு என்று கதிர்வேல் கை தூக்கினார். இன்சூரன்ஸுக்கு அலைகிற அலைச்சலில் அந்த வீடுகளும் வழியில்தான் இருக்கின்றன. தில்லையம்மாள் எழுந்து, ஃப்ரீசர் பாக்ஸை அனுப்பும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும் என்றார். அதை யார் எடுத்துக்கொள்வது என்று இரண்டு பேருக்குள் போட்டியே வந்துவிட்டது. பிறத்தியார் சொன்ன வேலை என்றால் மனிதனுக்கு ஏனோ அது பாரமாகத் தெரிவதில்லை. தான் சொன்னதற்குத் தண்டனை என்று வரும்போதுதான் கசக்கிறது.

சுப்புராயனுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. கடலூர் கிளப்பில் மடக்குக் கட்டில்கள் சில வெறுமனே கிடக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். சொன்ன பிறகுதான், அவற்றை ஏற்றி அனுப்புகிற வேலை தன் தலையில் விழுமோ என்று சுற்றிப் பார்த்தார். ஹாலே சிரித்தது. வேன் எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம் என்று இரண்டு பேர் சொன்னபோது, அவரும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே ராபர்ட் கேட்டுவிட்டார், அடுத்த தலைவர் யார் என்று. யாரும் தரையைப் பார்க்கவில்லை. ஒரு பெயரைச் சொன்னால், சொன்னவரைப் பிடித்து உட்காரவைக்க முடியாது அல்லவா? பெயர்கள் தாராளமாக வந்தன. கதிர்வேல் பெயர் வந்தது, இளவரசு பெயர் வந்தது. சடையப்பன்தான் மறுபடி எழுந்து, கதவோரம் இருக்கிற அந்தப் பொண்ணு இருக்கட்டும் என்றார்.

ஸ்ரீமதி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"சரிங்க. ஆனா தலைவர்னா நான்தான் தெனம் பேசிக்கினு இருக்கணும். நான் சொல்றத நான் செய்ய மாட்டேன். சம்மதமா?"

ஹால் கைதட்டியது. ராபர்ட் எல்லோருக்கும் முன்னால் தட்டினார், கை சிவக்கத் தட்டினார். கூட்டம் முடிந்ததும் பேச வந்தவர்கள் யாரும் போகவில்லை. மறுபடி சேர்கிறோம் என்று கதிர்வேலைச் சுற்றி நின்றார்கள். உறுப்பினர் எண்ணிக்கை இருபதைத் தாண்டிவிட்டது. சுப்புராயன் வடையை வாயில் போட்டுக்கொண்டே, கடலூரில் போய் என்ன சொல்வது என்று இனி யோசிக்க வேண்டாம் என்று ராபர்ட்டின் தோளைத் தட்டிவிட்டு பஸ் ஏறினார். அவருக்கும் நிம்மதிதான்.

ஜூலையில் ஸ்ரீமதி பதவி ஏற்றார். அடுத்து வந்த முதல் சாதாரணக் கூட்டத்தில் ராபர்ட்டுக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. கால் பழக்கத்தில் மேடைப் பக்கம் போய், திரும்பி, கடைசி வரிசையில் சடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். இங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும் தெரிந்தது. மூன்று வருஷமாக முகங்களை மட்டும்தான் பார்த்திருந்தார். இதுவும் நன்றாகத்தான் இருந்தது.

பேச்சு ஒரு சுற்று வந்தபோது அவருக்கும் ஒன்று சொல்லத் தோன்றியது. மழைக்காலம் வரப்போகிறது. போன முறை வெள்ளத்தில் தாழ்வான தெருக்களில் படுக்கையாய்க் கிடந்தவர்களைத் தூக்கிவர ஆள் இல்லாமல் தவித்தோம், இந்த முறை எந்தெந்த வீட்டில் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று இப்போதே நேரில் போய்ப் பார்த்துவைத்தால் நல்லது என்றார். சொல்லி முடித்ததும், எந்தத் தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம், கடையை யாரிடம் விடலாம், வெண்மதியிடம் என்ன சொல்லலாம் என்று மனசு தன்னால் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பழைய பழக்கம். நாற்காலியை விட்டு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு நின்றார்.

பக்கத்திலிருந்து சடையப்பன் அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"நீ உக்காரு மாப்ள. அத நான் பாத்துக்கறேன்."

ராபர்ட் உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை.